வாத்துக்கு எத்தனை மூக்கு?

கடைக்காரர்கள் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னாலேயே அந்தச் சந்தில் வரிசை வளைந்து மெயின் ரோட்டுக்கு வந்துவிடும். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஏதோ ஆஸ்பத்திரி என்று நினைப்பார்கள். எல்லோர் கையிலும் துணியில் சுற்றிய மூட்டை. எல்லோர் முகத்திலும் நெருங்கின சொந்தத்தைப் படுக்கையில் சேர்க்க வந்த கவலை. மூட்டையைப் பிரித்தால் உள்ளே காது போன பீங்கான் யானை, கழுத்து முறிந்த பூச்சாடி, கைப்பிடி கழன்ற கோப்பை, ஒற்றைக்காலில் நிற்கிற கண்ணாடிக் குதிரை.

வைத்தியர் மூச்சய்யா. அப்பா அம்மா வைத்த பெயர் வேறு இருந்திருக்கும். அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்கிற பழக்கம் இருந்திருந்தால் அந்த வரிசையே இருந்திருக்காது.

மூச்சய்யாவின் தத்துவம் சின்னது. சின்னதாக இருந்தால்தானே சுலபமாக விழுங்க முடியும்? ஒருவர் ஆசையாகக் கொடுத்த பொருள் உடைந்தால், கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் நடுவே உள்ள உறவும் உடையும். சரி, ஒட்டிவிடலாமே என்று வீட்டில் பசையைத் தொட்டீர்களோ, தொலைந்தீர்கள். கேடு உள்ளேயே இருக்க, மேலே பூசின மாதிரி ஆகிவிடும். அது கரையான் போல வீட்டை அரிக்கும். அவரிடம் கொண்டுபோனால் துண்டுகளைக் கறுப்புத் துணியில் மூடி, மேலே நீளமாக ஒரு மூச்சு விடுவார். ஒரு வாரம் உள்ளறையில் இருக்கும். பசை கிடையாது, கம்பி கிடையாது. மறுவாரம் போனால் பொருள் முழுசாக வெளியே வரும். விரிசலின் தடம்கூட இருக்காது.

"அடேயப்பா! நேத்துதான் கடையில வாங்கின மாதிரி இருக்கு!" என்று வாங்கிக்கொண்டவர்கள் எல்லோரும் வியந்தார்கள். தாம் சொன்னது தம் காதிலேயே விழுந்திருந்தால் அவர்களில் யாராவது ஒருவர் விழித்திருப்பார். விழவில்லை.

எல்லாமே சேர்ந்துவிடாது. சிலவற்றைக் கையில் வாங்கியதும் மூச்சய்யா கண்ணை மூடிக்கொள்வார். "கேடு முத்திப்போச்சு. இதை ஆத்துலதான் விடணும்" என்பார். அப்படி ஆற்றுக்குப் போனவை எல்லாம் கையால் செய்தவையாக, கடையில் இரண்டாவது கிடைக்காதவையாக இருந்தது தற்செயல் என்று நம்பினார்கள். தபால்காரர் ஒருவர், செத்துப்போன மனைவி தன் கையால் மண் பிசைந்து வண்ணம் தீட்டிய கிண்ணத்தை இரண்டு துண்டாகக் கொண்டுவந்தார். அதற்கும் ஆறுதான் என்று தீர்ப்பு. அந்த மனிதர் துண்டுகளைக் கொடுத்துவிட்டு, சைக்கிளில் ஏறாமல் அதைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

காசு விஷயத்தில் மூச்சய்யா மகா சுத்தம். "மூச்சுக்கு விலை கிடையாது" என்பார். வாசலில் வைத்திருந்த பெட்டிக்கு வாய் மட்டும் பெரியதாக இருந்தது. சந்தின் முனையில் இருந்த ஹார்டுவேர் கடைக்காரர் நாலு நாள் யோசித்துவிட்டு, பசைக் குழாய்களை எடுத்துப் பரணில் போட்டார். அந்த இடத்தில் மூட்டை கட்டக் கறுப்புத் துணி விற்றார். வியாபாரம் தெரிந்த மனிதர்.

டீச்சரம்மாவுக்கும் இந்த வரிசைக்கும் சம்பந்தமே இருந்திருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். "நான் சொல்றேன்னு நம்பாதே, செஞ்சு பாரு" என்று பிள்ளைகளிடம் தொண்டை வறளச் சொன்னவர். என்ன, மணி அடித்ததும் அந்த வாக்கியத்தைச் சாக்பீஸ் டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். வெளியே கிளம்பும்போது யாராவது தும்மினால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்காருவார்.

அவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி ஷோகேஸ். அதன் நடுத்தட்டில் ஒரு பீங்கான் வாத்து. வெள்ளை உடம்பு, நீலத் தொப்பி, ஆரஞ்சு மூக்கு, இறக்கையில் மாட்டின கூடை. கல்யாணமான புதிதில் கணவர் வாங்கித் தந்தது. "உலகத்துலயே இது ஒண்ணுதான். உனக்காகவே சொல்லிச் செய்ய வச்சேன்" என்றார். புதுப் பெண்டாட்டியிடம் ஆண்கள் சொல்வதையெல்லாம் ஆராய்ந்துகொண்டிருந்தால் உலகத்தில் குடும்பமே நடக்காது. டீச்சரம்மா நம்பினார். மகன் பல் முளைக்கும் வயதில் தொப்பியைக் கடித்து ஒரு ஓரத்தில் நீலத்தைச் சுரண்டிவிட்டான். அதைத் தவிர வாத்துக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகள் ஷோகேஸைத் துடைத்தாள். ஈரத்துணியில் வாத்து வழுக்கியது. "ஐயோ!" என்று அவள் பாய்ந்து பிடிப்பதற்குள் தரையில் விழுந்து உடைந்தது. தலை தனி, கூடை தனி, உடம்பு இரண்டு.

மருமகள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கலகலப்பானவள். மாமியாருக்கும் அவளுக்கும் நல்ல ஒட்டுதல். அந்த வீட்டில் ஒரு சண்டைச் சத்தமாவது கேட்காதா என்று ஜன்னலைத் திறந்து வைத்துக் காத்திருந்ததில் எதிர்வீட்டம்மாவுக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

"அத்தை, தப்பு என்னோடதுதான். மன்னிச்சுக்கோங்க. துண்டெல்லாம் பெரிசு பெரிசா இருக்கு, இன்னிக்கே ஒட்டிடலாம். ரெண்டு குழாய்ல வருமே, கலந்து தடவற பசை, அதை வாங்கிட்டு வரேன்."

"தொடாதே!" டீச்சரம்மா போட்ட சத்தத்தில் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. "பசைங்கிற பேச்சையே எடுக்காதே."

அதற்குள் எதிர்வீட்டம்மா வந்துவிட்டார். அவருக்கு இதற்கெல்லாம் அழைப்பு தேவையில்லை. "கட்டின புருஷன் குடுத்ததாச்சே டீச்சர்! உங்க வீட்டுக்காரருக்கு வேற ரத்தக்கொதிப்பு. விளையாடாதீங்க. உடனே மூச்சய்யாகிட்ட கொண்டுபோங்க" என்றார்.

கணவர் நாற்காலியிலிருந்து, "ஒரு பொம்மைக்கு எதுக்கு இவ்வளவு…" என்று ஆரம்பித்தார்.

"பொம்மையா? உலகத்துலயே ஒண்ணே ஒண்ணுன்னு சொன்னது யாரு?"

கணவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

மூச்சய்யாவின் கூடம் முன்பு டயர் கிடங்காக இருந்த இடம். ரப்பர் வாசனை போகட்டும் என்று மூலைக்கு மூலை ஊதுபத்தி. மூச்சய்யா வெள்ளைச் சட்டையில் மேடைமேல் உட்கார்ந்திருந்தார். மூட்டையைப் பிரித்து வாத்தின் தலையை எடுத்து முகர்ந்தார்.

"உடைஞ்சப்போ பக்கத்துல ஒரு பொண்ணு இருந்தா."

"ஆமாங்கய்யா!"

"அந்த வீட்டுல பொறந்தவ இல்லை. வெளியிலேருந்து வந்தவ."

"ஆமாங்கய்யா! மருமக!"

வரிசையில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வீட்டில் தூசி துடைக்கிறவள் பெண் என்பதையும், மருமகள் என்றால் வெளியிலிருந்து வருகிறவள் என்பதையும் கண்டுபிடிக்க ஞானதிருஷ்டி வேண்டுமா? ஏதாவது ஒரு வீட்டில் குடியிருந்தால் போதாதா?

மூச்சய்யா குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினால்தான் கூட்டம் காதை நீட்டும். "கேடு அவ கையில இருக்கு. இந்த வாத்து சேர்ற வரைக்கும் அந்தக் கை உங்க வீட்டுல இருக்கக் கூடாது. சேர்ந்த பிறகும் தனிக்குடித்தனம் வைக்கிறது நல்லது. இல்லேன்னா, அம்மா, அடுத்து உடையறது பீங்கானா இருக்காது."

டீச்சரம்மாவுக்குக் கணவரின் ரத்தக்கொதிப்பு மாத்திரை நினைவுக்கு வந்தது. அந்த மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பவள் மருமகள்தான் என்பது நினைவுக்கு வரவில்லை. பயம் வந்தால் பாதிதான் ஞாபகம் வரும்.

அன்று சாயங்காலம் டீச்சரம்மா சுற்றி வளைத்துப் பேசினார். தண்ணீர் குடித்தார். மறுபடி சுற்றி வளைத்தார். கடைசியில், "கொஞ்ச நாள் உங்க அக்கா வீட்ல இருந்துட்டு வந்தா, உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்றார்.

மருமகள் அவரையே பார்த்தாள். "அத்தை, நேரா சொல்லுங்க. என்னைப் போகச் சொல்றீங்களா?"

"போகச் சொல்லலைம்மா. கொஞ்ச நாள்…"

"அதுக்குப் பேருதான் போகச் சொல்றது. எனக்கு ஜுரம் வந்தப்போ ராத்திரி பூரா உக்காந்து நெத்தியில துணி போட்டது உங்க கைதானே? எங்கம்மாகிட்ட உங்களைப் பத்தி எவ்வளவு பெருமையாச் சொல்லியிருக்கேன் தெரியுமா?"

மருமகள் பெட்டியைக் கட்டினாள். மகன் தன் சட்டைகளையும் அதே பெட்டியில் திணித்துக்கொண்டு அவள் பின்னாலேயே போய்விட்டான்.

உறவு உடையாமல் இருக்க மூச்சய்யா சொன்ன பரிகாரம் அது. உடைந்த பீங்கான் நான்கு துண்டு. உடையாத குடும்பம் இரண்டு துண்டு. வீட்டில் நாற்காலி நகர்ந்தால்கூட எதிரொலித்தது.

மறுவாரம் டீச்சரம்மா போனார். உதவியாள் கறுப்புத் துணியை விலக்கினான். வாத்து! தலை, கூடை, தொப்பி எல்லாம் இடத்தில். ஒரு கீறல் இல்லை. கூட்டம் கைதட்டியது. டீச்சரம்மா அழுதேவிட்டார். வாசல் பெட்டியின் வாய்க்குள் கையில் இருந்ததையெல்லாம் போட்டுவிட்டு வாத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

கணவர் வாத்தைப் பார்த்தார். "ரொம்ப… புதுசா இருக்கே" என்றார். உடனே பேப்பரை எடுத்துக்கொண்டார். அது தலைகீழாக இருந்தது.

வாத்து உட்காரப்போகும் இடம் சுத்தமாக இருக்க வேண்டாமா? டீச்சரம்மா துடைப்பத்தை எடுத்து ஷோகேஸின் அடியில் பெருக்கினார். பின்பக்கக் காலின் இடுக்கிலிருந்து ஏதோ ஒன்று உருண்டு வந்தது. குனிந்து எடுத்தார்.

சின்னதாய், ஆரஞ்சு நிறத்தில், ஒரு மூக்கு.

இடது கையில் மூக்குள்ள வாத்து. வலது கையில் வாத்தில்லாத மூக்கு. டீச்சரம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அன்று மூட்டை கட்டும்போது மூக்கு தெறித்துப் போனதை யாரும் கவனிக்கவில்லை. சரி. அப்படியானால் இந்த வாத்தின் முகத்தில் இருப்பது யாருடைய மூக்கு?

அந்த நேரம் பார்த்துத்தானா எதிர்வீட்டம்மா வர வேண்டும்? மூக்கைப் பார்த்தார். வாத்தைப் பார்த்தார். அலறினார்.

"முளைச்சிருக்கு டீச்சர்! மூக்கு முளைச்சிருக்கு! கொண்டுபோகாத மூக்கையே முளைக்க வச்சிருக்காரு! நான் அப்பவே சொல்லலை?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் பழைய காலத்து ஆட்கள். எதிர்வீட்டம்மாவோ, முயலுக்கு நாலாவது கால் தனியாகக் கிடைத்தால் அதையும் அற்புதத்தில் சேர்த்துவிடுவார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பரவியது. மறுநாள் மூச்சய்யாவே மேடையில் அறிவித்தார்: "ஆமாம். அந்த மூக்கு என் மூச்சுல முளைச்சதுதான். ஜனங்க பயப்படக் கூடாதுன்னு வெளியில சொல்லாம இருந்தேன்." எவ்வளவு அடக்கம்! அன்றைக்கு வரிசை பெட்ரோல் பங்க் வரை போயிற்று.

டீச்சரம்மா வரிசைக்குப் போகவில்லை. மதியம் சாப்பிட்டதாகப் பேர் பண்ணிவிட்டு ஷோகேஸ் முன்னால் உட்கார்ந்திருந்தார். நம்ப வேண்டும் என்று அவருக்கு ஆசைதான். நம்பாவிட்டால் மருமகளை எதற்காக அனுப்பினோம் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியைவிட மூக்கு முளைத்தது என்பது எவ்வளவோ சுகம்.

இருந்தாலும் வாத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தொப்பியின் ஓரத்தைத் தடவினார். மழுமழுவென்று இருந்தது. மகன் கடித்த இடம் எங்கே? நீலம் சுரண்டிப்போன இடம் எங்கே? மூச்சு விரிசலை மூடலாம். மூக்கைக்கூட முளைக்க வைக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். குழந்தையின் பல் தடம் மூச்சய்யாவுக்கு என்ன கெடுதல் செய்தது?

டீச்சரம்மா எழுந்தார். மூக்கைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு செருப்பை மாட்டினார். கணவர் பலமாக ஒரு தும்மல் போட்டார். டீச்சரம்மா நிற்கவில்லை.

மருந்துக்கடையில் மருமகள் தலை நிமிராமலே கேட்டாள். "என்ன வேணும்?" நிமிர்ந்ததும் முகம் மாறியது. "தலைவலி மாத்திரையா? அது எங்க வேணும்னாலும் கிடைக்குமே."

டீச்சரம்மா கைக்குட்டையைப் பிரித்து மூக்கைக் கவுன்டரில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். பல் தடம் வரை சொன்னார்.

மருமகள் மூக்கை விரலால் உருட்டினாள். "வேற வாத்தைக் குடுத்துட்டான். அவ்வளவுதான் அத்தை."

"வேற வாத்து ஏதும்மா? உலகத்துலயே அது ஒண்ணுதானே?"

"யாரு சொன்னது?"

"உங்க மாமாதான்."

மருமகள் மாத்திரை உறை ஒன்றை எடுத்து ரொம்ப நேரம் மடித்துக்கொண்டிருந்தாள். "சரி" என்றாள் கடைசியில். "நாம நம்பறதும் வேணாம், நம்பாம இருக்கறதும் வேணாம். செஞ்சு பாத்துடுவோம்."

டீச்சரம்மாவுக்குச் சுருக்கென்றது. எத்தனை வகுப்பறைகளில் சொன்ன வார்த்தை!

"உடம்புலேருந்து மூக்கு முளைச்சா, மூக்குலேருந்து உடம்பு முளைக்கணும் இல்லையா? மூக்கைக் குடுத்து, வாத்தை முளைக்க வைங்கன்னு கேளுங்க. எல்லாரும் இருக்கறப்போ கேளுங்க."

"இன்னொரு வாத்தைக் கொண்டுவந்து நீட்டிட்டா?"

"நீட்டணும். அதுக்குத்தானே குடுக்கறோம்?" மருமகளுக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "ஆனா குடுக்கறது இந்த மூக்கு இல்லை."

மருந்துக்கடைக்குப் பின்னால் குப்பையோடு குப்பையாக ஒரு பழைய வாஷ்பேசின் உடைந்து கிடந்தது. கைகழுவுகிற வெறும் வெள்ளை வாஷ்பேசின். அதில் ஒரு சில்லை எடுத்தார்கள். தரையில் தேய்த்து மூக்கு மாதிரி ஆக்கினார்கள். மருமகள் கைப்பையிலிருந்து ஆரஞ்சு நிற நகப்பாலிஷை எடுத்துப் பூசினாள். இரண்டு பேரும் குனிந்து வேலை செய்தபோது தலையோடு தலை முட்டிக்கொண்டது. டீச்சரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்கூட வீட்டுக்கு வந்துடும்மா."

"வரேன் அத்தை. இப்பவே வந்தா உங்க மனசுல ஒரு மூலையில பயம் இருக்கும். அது போன பிறகு வரேன்."

மறுநாள் டீச்சரம்மா கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்றார். "ஐயா, நீங்க மூக்கை முளைக்க வச்சீங்க. இதோ, தனியாக் கிடைச்ச மூக்கு. இதிலேருந்து ஒரு வாத்தையும் முளைக்க வைக்கணும். என் மருமகளும் பாத்துத் திருந்தட்டும்."

கூட்டம் ஆகா என்றது. மூச்சய்யாவின் கண் ஒரு நொடி உள்ளறைப் பக்கம் போய்த் திரும்பியது. கையிருப்பைக் கணக்குப் பார்த்த கண். முகம் மலர்ந்தது. சில்லை வாங்கி மூக்கருகே வைத்து ஆழமாக முகர்ந்தார். காரமாக ஒரு நெடி ஏறியிருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பிரிவு!" என்றார் தழுதழுத்து. "பிரிவோட வாசனை! உடம்பை விட்டுப் பிரிஞ்ச மூக்கு எப்படித் தவிச்சிருக்கு பாருங்க!"

நகப்பாலிஷுக்கு அப்படி ஒரு மனசு இருப்பது அதைச் செய்தவனுக்கே தெரியாது.

வருகிற ஞாயிறு வாத்து முளைக்கும் என்று தெருத்தெருவாக ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள். ஞாயிறு அன்று டயர் கிடங்கு பிதுங்கியது. கிடங்குக் கூரையில் ஆள். எதிர்ச்சுவரில் ஆள். டீச்சரம்மாவோடு கணவர், மகன், மருமகள். எதிர்வீட்டம்மா முதல் வரிசையைக் காலையிலேயே துண்டு போட்டுப் பிடித்திருந்தார்.

மூச்சய்யா கறுப்புத் துணிமேல் மூச்சு விட்டார். ஊதினார், இழுத்தார், மறுபடி ஊதினார். சட்டென்று துணியை உருவினார். வெள்ளை உடம்பு, நீலத் தொப்பி, ஆரஞ்சு மூக்கு!

கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. எதிர்வீட்டம்மா மயக்கம் போடுவதற்கு இடம் தேடினார்.

டீச்சரம்மா மேடையில் ஏறினார். வகுப்பில் பேசுகிற குரல் அவருக்கு இன்னும் இருந்தது. "ஐயா, இது நான் குடுத்த மூக்கிலேருந்து முளைச்சதுதானே?"

"சந்தேகமா அம்மா? அந்த மூக்கேதான். தொட்டுப் பாருங்க."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? அந்த மூக்கேதானாம்." டீச்சரம்மா மருமகளைப் பார்த்தார். அவளும் மகனும் ஒரு சாக்கை மேடைமேல் கொண்டுவந்து அவிழ்த்தார்கள். உள்ளே பாதி வாஷ்பேசின். "நான் குடுத்தது இதோட சில்லு. நகப்பாலிஷ் பூசினது எங்க மருமக. வாத்து மூக்கு என் கைக்குட்டையில இருக்கு. இதோ. ஐயா, வாஷ்பேசின்லேருந்து குழாய்தானே முளைக்கணும்? வாத்து எப்படி முளைச்சுது?"

பின்வரிசையில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். சிரிப்பு அங்கிருந்து கிளம்பி மேடை வரை வந்தது.

ஆனால் நம்பிக்கை என்பது லேசில் சாகிற ஜந்துவா? முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து கும்பிட்டார். "வாஷ்பேசின்லேருந்தே வாத்தை வரவழைச்சிருக்காருன்னா, எப்பேர்ப்பட்ட சக்தி!"

"அதானே!" என்றார் மூச்சய்யா, விழுந்த இடத்தில் ஒரு புல்லைப் பிடித்துக்கொண்டு.

"சரி, பெரியவரே" என்றார் டீச்சரம்மா. "முளைச்சதாகவே இருக்கட்டும். முதல்ல நான் குடுத்தேனே, எங்க பையன் பல்லு பட்ட வாத்து, அதோட துண்டெல்லாம் எங்கே? அதைக் கேக்கலாமா, கூடாதா?"

மூச்சய்யா வாயைத் திறக்குமுன் கூட்டத்திலிருந்து ஒரு ஆள் நகர்ந்தார். தபால்காரர். யாரிடமும் ஒன்றும் கேட்காமல், மேடையைச் சுற்றிக்கொண்டு போய், உள்ளறைக் கதவைத் தோளால் ஒரு தள்ளு தள்ளினார். உதவியாட்கள் தடுத்தார்கள். அதற்குள் பத்துத் தோள் சேர்ந்துவிட்டது. தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டது.

ஒரு சுவர் முழுக்க அலமாரி. யானை வரிசை, குதிரை வரிசை, பூச்சாடி வரிசை. சிலவற்றில் பெட்டியின் வைக்கோல்கூட உதிரவில்லை. நடுத்தட்டில் நீலத் தொப்பி போட்ட வாத்துகள், பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் நிற்பது போல வரிசையாக. டீச்சரம்மா மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தார். கணவர் கூரையில் ஏதோ ஒட்டடையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

எதிர்ச் சுவரோரம் கோணிகள். உள்ளே உடைசல். கூட்டம் குனிந்து கிளறியது. "இது என் சாடி!" "எங்கப்பா குடுத்த யானை!" டீச்சரம்மாவின் கையில் நீலத் தொப்பியோடு ஒரு வாத்துத் தலை வந்தது. ஓரத்தில் நீலம் சுரண்டியிருந்தது. கைக்குட்டையிலிருந்து மூக்கை எடுத்து அதன் முகத்தில் வைத்தார். பூட்டில் சாவி போலப் பொருந்தியது. பக்கத்தில் நின்ற பெரியவர் அதை உற்றுப் பார்த்தார். கும்பிட்ட கையைக் கீழே போட்டார்.

தபால்காரர் மூன்றாவது கோணியின் அடியில் தேடியதைக் கண்டுபிடித்தார். ஆற்றில் விட்டாயிற்று என்று சொன்ன கிண்ணம். இரண்டு துண்டையும் சட்டைத்துணியால் துடைத்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் அவரைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள்.

கூட்டம் வெளியே வந்தபோது மூச்சய்யா வாசலில் இருந்த காசுப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்சுவர் ஏறிக்கொண்டிருந்தார். பெட்டி கனம். விட மனசில்லை. மூச்சு வாங்கியது. ஊருக்கெல்லாம் மூச்சு கொடுத்தவருக்கு ஒரு சுவர் ஏற மூச்சு போதவில்லை. போலீஸ்காரர்கள் வந்து பத்திரமாக இறக்கினார்கள்.

அன்று சாயங்காலம் டீச்சரம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பரை விரித்தார்கள். மருமகள் பெட்டி மறுபடி உள்ளே வந்துவிட்டது. ஹார்டுவேர் கடைக்காரர் பரணிலிருந்து இறக்கிக்கொடுத்த பசையை அவள் தீக்குச்சியால் கலந்தாள். மகன் உடம்பின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்தான். அசையாமல் இருக்க ரப்பர் பேண்டு போட்டார்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்தது. மறுபடி கழற்றி ஒட்டினார்கள். மூக்கைக் கடைசியாக வைத்தார் டீச்சரம்மா. கொஞ்சம் கோணலாகத்தான் உட்கார்ந்தது. கழுத்தைச் சுற்றிக் கோடு தெரிந்தது.

"கோடு தெரியுதே அத்தை. மேல பெயின்ட் அடிச்சிடவா?"

"வேணாம். தெரியட்டும்" என்றார் டீச்சரம்மா. பிறகு, யாரையும் பார்க்காமல், "நான் உன்னை அனுப்பியிருக்கக் கூடாது" என்றார்.

மருமகள் பசை பட்ட விரலைத் துடைத்துவிட்டு, மாமனாரின் மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு வைத்தாள். அந்த வீட்டில் வேறெதுவும் உடையவில்லை. பசை உள்ளிருந்து யாரையும் அரிக்கவில்லை.

ஊர் திருந்தியதா என்று கேட்கிறீர்கள். டயர் கிடங்கு மறுபடி டயர் கிடங்காகிவிட்டது. அடுத்த தெருவில் ஒருவர் வந்திருக்கிறார். ஒட்டின பொருளில் தெரிகிற விரிசல் கோட்டைப் பார்த்து ஆயுள் சொல்கிறாராம். எதிர்வீட்டம்மா முன்பதிவு செய்துவிட்டார். டீச்சரம்மாவையும் கூப்பிட்டார். "கோட்டைப் பாத்தா ஆயுள் தெரியாதும்மா, நாம எவ்வளவு பசை பூசினோம்ங்கிறதுதான் தெரியும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் டீச்சரம்மா.

உங்கள் வீட்டிலும் ஏதாவது உடைந்து கிடக்கும். பசை கடையில் கிடைக்கும். ஒட்டித் தர ஆள் வேண்டுமானாலும் கிடைக்கும். யோசிப்பதற்கு மட்டும் வெளியாள் வைக்காதீர்கள். வைத்தால் அவன் முதலில் எடுத்துக்கொண்டு போவது உங்கள் தலையைத்தான். பதிலுக்கு ஒரு விரிசலும் இல்லாத, புத்தம் புதிய, உள்ளே ஒன்றுமே இல்லாத பீங்கான் தலையை வைத்துவிட்டுப் போவான். நீங்களும் கண்ணாடியில் பார்த்துக் கைதட்டுவீர்கள்.